நகர்த்து, பெரிதாக்கு, திருப்பு: விரல் நுனி வேலைக்குப் பின்னால் ஒரு வரலாறு



இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் நம்ம பிள்ளைகள் எல்லாரும் வீடியோ எடிட்டர்கள்தான். ஒரு கிளிப்பை விரலால் இழுத்து ஓரத்தில் வைப்பார்கள், இரண்டு விரலால் பெரிதாக்குவார்கள், அப்படியே திருப்புவார்கள். ஐந்து செக்கன் வேலை. ஆனால் மனிதன் இந்த ஐந்து செக்கனுக்கு வந்து சேர நூறு வருடத்துக்குக் கிட்டப் போனது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

1901இல் பிரான்ஸில் ஜோர்ஜ் மெலியெஸ் என்பவர் ஒரு குறும்படம் எடுத்தார். மேசையில் இருக்கும் ஒரு தலை, காற்றடிக்கக் காற்றடிக்கப் பெரிதாகிறது. அந்தக் காலத்தில் படத்தைப் பெரிதாக்க வழியில்லை. அதனால் அவர் ஆளையே நகர்த்தினார். உடம்பைக் கறுப்பால் மறைத்துக்கொண்டு, சரிவான பலகையில் ஓடும் கதிரையில் தானே அமர்ந்து கெமராவை நோக்கி வந்தார். கிட்ட வர வரத் தலை பெருத்தது. சரிவு எதற்கு? தலை பெருக்கும்போதும் மேசையை விட்டு விலகாமல் இருப்பதற்கு. இன்று நாம் ‘ஸ்கேல்’, ‘பொசிஷன்’ என்று சொல்லும் இரண்டையும் மனுசன் ஒரு பலகையிலேயே முடித்துவிட்டார்.

பிறகு ‘ஒப்டிகல் பிரிண்டர்’ வந்தது. ஒரு பக்கம் படம் காட்டும் இயந்திரம், எதிரே அதைத் திரும்பப் படம் பிடிக்கும் கெமரா. கெமராவைக் கிட்டக் கொண்டுபோனால் படம் பெரிதாகும். செக்கனுக்கு 24 படம் என்றால் பத்து செக்கனுக்கு 240 படங்கள், ஒவ்வொன்றாக. ஹொலிவூட்டில் லின்வுட் டன் இதில் பெரிய கெட்டிக்காரர். 1941இல் வந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தில் அவருடைய வேலை நிறைய உண்டு.

1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் ‘ஸ்கெச்பேட்’ என்ற மென்பொருளைச் செய்தார். திரையில் ஒளிப்பேனாவால் வரையலாம். குமிழைத் திருகினால் வரைந்தது பெரிதாகும், சுழலும். இங்கே படம் இலக்கங்களாக மாறிவிட்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஆள்கூறு. நகர்த்துவது என்றால் கூட்டல், பெரிதாக்குவது என்றால் பெருக்கல், திருப்புவது என்றால் சைன், கோசைன். இந்த மூன்றையும் ஒரே தாயத்துக்குள் அடக்கும் வழிக்கு ஜேர்மன் கணித அறிஞர் மோபியஸ் 1827லேயே அடித்தளம் போட்டிருந்தார்.

‘சேர், தாயம் படிச்சு என்ன பிரயோசனம்?’ என்று கேட்கும் தரம் 11 பிள்ளைகளுக்கு இதுதான் பதில். ஃபோனைச் சாய்த்துப் பிடித்து எடுத்த வீடியோ நேராகத் தெரிவதற்குக் காரணம், அந்தக் கோப்புக்குள் இருக்கும் ஒன்பது இலக்கங்கள், அதாவது ஒரு 3×3 தாயம். அதை வாசிக்காத மென்பொருளில் போட்டால் மாப்பிள்ளை படுத்துக்கொண்டு நடப்பார்! தாயப் பெருக்கலில் வரிசை முக்கியம் என்று படிக்கிறோமே, அதுவும் இங்கே உண்டு. திருப்பிவிட்டு நகர்த்தினால் ஓரிடம், நகர்த்திவிட்டுத் திருப்பினால் வேறிடம்.

தொலைக்காட்சிக்கு இது 1970களில் வந்தது. 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் குவான்டெல் நிறுவனத்தின் கருவி, ஓடி வரும் வீரரின் காட்சிக்குள்ளேயே ஒரு சின்னப் பெட்டியில் ஒலிம்பிக் சுடரைக் காட்டியது. 1993இல் ‘ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்’ மென்பொருள் வந்து இந்த வேலையை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. இன்று அது சட்டைப் பையில் இருக்கிறது.

இனித்தான் நான் சொல்ல வந்த விசயம்.

சாதாரண அகல வீடியோ 1920×1080. அதை ஸ்டேட்டஸுக்காக நெட்டு வீடியோவாக வெட்டினால் அகலத்தில் கிட்டத்தட்ட 608 புள்ளிதான் மிஞ்சும். மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். வெட்டுகிறவருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் கையை ஓங்குகிறவர் மட்டும் படத்தில் நின்று, அவருக்கு முன்னால் நின்றவர் வெட்டுப்பட்டால், கை காட்டிக் கூப்பிட்டவர் அடிக்கப் போனவராகிவிடுவார். மெலியெஸின் படம் வித்தை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வட்ஸ்அப்பில் வரும் கிளிப்பைப் பார்ப்பவருக்கு அது தெரியாது. அதனால் எந்தக் கிளிப்பைப் பார்த்தாலும், கோபப்படுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சட்டத்துக்கு வெளியே யார் நின்றார்கள்?

இன்னொன்று. எடிட்டிங் செய்யும்போது பெரும்பாலான மென்பொருள்கள் மூல வீடியோவைத் தொடுவதில்லை, இலக்கங்களை மட்டும் குறித்து வைக்கும. நாம் புதுக் கோப்பாகச் சேமித்து, மூலத்தை ‘இடமில்லை’ என்று அழிக்கும்போதுதான் ஓரத்தில் நின்ற ஆட்கள் நிரந்தரமாகப் போகிறார்கள். முப்பது வருடம் கழித்து ஊரின் வரலாற்றை எழுத வருகிற பிள்ளைக்கு அந்த ஓரங்கள்தான் தேவைப்படும். பாடசாலை, கழக, கலியாண வீடியோக்களின் மூலப் பிரதிகளை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, திகதி எழுதி வையுங்கள்.

எடிட் பண்ணத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.