வைடிஎம்-4

இந்திய ரயில்வேயின் மீட்டர் பாதைகளில் நீராவி எஞ்சின்களுக்கு விடைகொடுத்த டீசல் எஞ்சின் வகை. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்தது. 1960களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தது. பின்னர் வாரணாசி டீசல் எஞ்சின் தொழிற்சாலையும் இதைக் கட்டியது. கனடாவில் கட்டப்பட்டவை வைடிஎம்-4ஏ எனப்பட்டன.

இதன் சிறப்பே எடைதான். சுமார் 72 டன்னை ஆறு அச்சுகள் பகிர்ந்துகொள்வதால் ஓர் அச்சுக்கு 12 டன்தான் விழும். அகலப் பாதையின் டபிள்யூடிஎம்-2 எஞ்சினிலோ அது 18.8 டன். மெலிந்த தண்டவாளமும் பழைய பாலமும் கொண்ட கிராமத்துத் தடங்களில் 1,400 குதிரைத்திறனுடன் ஓட இதுவே வழிசெய்தது. ஓட்டுநர் அறை ஒரு முனையை ஒட்டி இருக்கும். எஞ்சினின் நீண்ட பக்கம் முன்னே போனால் வளைவுகளில் ஓட்டுநருக்கு ஒருபுறம் மறைந்துவிடும். அங்கே உதவி ஓட்டுநரின் கண்தான் துணை.

பின்னாளில் மீட்டர் பாதைகள் பல அகலப் பாதைகளாக மாறின. கெலமங்கலம் நிலையம் வழியாகச் செல்லும் சேலம்–பெங்களூரு தடமும் மீட்டர் பாதையாக இருந்து, 1990களில் அகலமாக்கப்பட்டதே. இவ்வாறு பாதைகள் மாறியதும் பல எஞ்சின்கள் மலேசியா போன்ற நாடுகளுக்குப் போயின. தமிழகச் சிற்றூர்களுக்கு நிறைய உழைத்த டீசல் எஞ்சின் இது. நீலகிரி மலை ரயிலில் குன்னூர்–உதகை இடையே டீசல் பணியும் இதன் கைக்கே வந்தது.