கூப்பர் பிளாக்

கூப்பர் பிளாக் என்பது சிகாகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் எழுத்து வார்ப்பகம் 1922இல் வெளியிட்ட தடித்த செரிஃப் (கோடுகளின் முனைகளில் சிறு நீட்சியுள்ள) எழுத்துரு. வரைந்தவர் ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர் (1879–1940). விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைவதே அவருடைய தொழில். அவருடைய கூப்பர் ஓல்டு ஸ்டைல் 1919இல் வந்தது. அதைக் கொழுக்க வைத்தால் கூப்பர் பிளாக்.

இதன் செரிஃப் முனைகள் கூராக முடிவதில்லை, உருண்டு வீங்கியிருக்கும். எழுத்தின் அடிப்பாகமும் தட்டையாக இல்லை, சற்றே குவிந்திருப்பதால் வரி முழுதும் லேசாக ஆடுவதுபோல் தோன்றும். ஆங்கில 'ஓ'வின் நடுவிலுள்ள வெள்ளை ஒரு சிறு முட்டை, அதுவும் இடப்பக்கம் சாய்ந்தது. சிறிய 'ஐ'யின் புள்ளிகூட முழுவட்டமல்ல. கீழே இறங்கும் வால்கள் குட்டையானவை. எனவே வரிகளை நெருக்கி அடுக்கலாம். தலைப்புக்கும் பெயர்ப் பலகைக்கும் உகந்தது. உடல் எழுத்தாகச் சிறிய அளவில் அச்சிட்டால் உள்வெள்ளை அடைபட்டுப் பக்கம் கருத்துவிடும்.

பழமைப்பற்றுள்ள அச்சகத்தார் முகம் சுளித்தார்கள்; விளம்பரதாரர்கள் அள்ளிக்கொண்டார்கள். தொலைநோக்குள்ள அச்சகத்தாரின் கிட்டப்பார்வை வாடிக்கையாளர்களுக்கானது இது என்று கூப்பரே கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். 1960களில் இரண்டாம் வாழ்வு கிடைத்தது: பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) இசைத்தட்டு உறையில் இதுதான். 1995இல் தொடங்கிய ஈஸிஜெட் விமானங்களின் ஆரஞ்சு நிறப் பெயரும் இதுவே. இன்று பழைய காலத்து வாசம் வேண்டுவோர் கை முதலில் இதன்மீதுதான் போகிறது. அளவு மீறிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்துக்கு வெளியே போனால் இந்தக் கனம் சோதிக்கப்படுகிறது. நார்வேயின் பேர்கன் நகரில் ஃப்ளோயென் என்றொரு மலை உண்டு. அம்மலையின் பெயரில் 'ஓ' வட்டத்தைக் குறுக்கே வெட்டும் சாய்கோடு உண்டு. மெல்லிய எழுத்தில் அது சிரமமில்லை. கூப்பர் பிளாக்கின் முட்டை வெள்ளையிலோ முழுக் கனத்தில் கோடு போட்டால் வெள்ளையே மிஞ்சாது. இப்படிப்பட்ட தடித்த எழுத்துருக்களில் கோட்டை மெலிதாக்குவார்கள். அல்லது வட்டத்துக்கு வெளியே இரு முனைகளை மட்டும் நீட்டி, உள்ளே சிறு கீற்றை விடுவார்கள். அந்நகரின் ஹோகோன் மண்டபத்தின் பெயரில் 'ஓ' என ஒலிக்கும் எழுத்து தலையில் ஒரு சிறு வளையத்தைச் சுமக்கிறது. நார்வே மொழி அதை முறையாக ஏற்றது 1917இல். ஆக, எழுத்துருவைவிட ஐந்தே வயது மூத்தது. வளையம் தடித்தால் நடுத்துளை அடைபடும்; உயர்ந்தால் மேல்வரியின் வாலில் முட்டும்.

தமிழில் இந்தத் தொல்லை சுழிகளில் வருகிறது. 'ண', 'ணை', 'இ', 'ஞ' ஆகியவற்றைக் கூப்பர் பிளாக் அளவுக்குத் தடிப்பாக்கினால் சுழிகள் மையால் நிரம்பிவிடும். ஆகவே தடித்த தமிழ்த் தலைப்பெழுத்து வரைவோர் எழுத்தை அகலமாக்கி, சுழிக்குள் கோட்டை மட்டும் இளைக்க வைக்கிறார்கள்.