அவரைப் பந்தலும் வரலாறும்

மாணவர்களே! வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் கோட்டை கொத்தளமுமே உங்கள் நினைவுக்கு வரும். காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகின்ற திருக்காட்டுப்பள்ளியில், வீட்டுக் கொல்லைப் பந்தலில் படரும் அவரைக்கொடியும் ஓர் ஆவணமே என்பேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். ஆங்கிலப் பாடத்தில் வரும் ‘பிராட் பீன்ஸ்’ என்பதற்கு அவரை என்றே நானும் பல்லாண்டு பொருள் கூறி வந்தேன். அது பிழை. அது மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் தொன்றுதொட்டு விளைவது, நிமிர்ந்து வளரும் செடி, பந்தல் வேண்டாதது. நம் அவரையோ கொடி. கடையில் பீன்ஸ் என விற்கும் காய் மூன்றாவது இனம். அமெரிக்காவில் தோன்றி, 1492இல் கொலம்பஸ் கடல் கடந்த பின்னரே பிற கண்டங்களுக்குப் பரவியது.

அவரையின் காட்டு மூதாதை ஆப்பிரிக்காவுக்கு உரியது. ஆயினும் அது நம்மிடம் வந்து வெகுகாலமாயிற்று. கருநாடகத்துப் புதிய கற்கால ஊர்களை அகழ்ந்தபோது, ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கருகிய அவரை விதைகள் கிடைத்தன. குறுந்தொகையின் 82ஆம் பாட்டில், அவரை பூக்கும் பனிக்காலமே பிரிந்தவர் திரும்பாத காலத்தின் அடையாளமாக நிற்கிறது.

பூவைக் கொண்டு ஏன் காலத்தைக் குறிக்க வேண்டும்? கொல்லைக்குச் சென்றால் விடை கிடைக்கும். ஆடிப்பட்டத்தில் ஊன்றிய நாட்டு அவரை, எவ்வளவு செழித்தாலும் உடனே பூப்பதில்லை. பகற்பொழுது குறுக வேண்டும். பனி இறங்கும்போது பூத்து, தைப்பொங்கலுக்குக் கொத்துக் கொத்தாய்த் தொங்கும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் எப்பருவத்தும் காய்க்கும் செடியவரை ரகங்களைத் தந்திருக்கிறது. உழவர்க்கு அவை பெரிதும் பயன்படுவன. ஆனால் அந்தப் பாட்டின் பொருளை விளக்க அவற்றால் இயலாது. பழங்கொடி மறைந்தால் அப்பாட்டுக்கு அகராதிப் பொருள்தான் எஞ்சும்.

நீர் தேங்கும் நன்செய் அவரைக்கு ஆகாது. ஆதலால் நெல் நாடாகிய தஞ்சையில் அது கொல்லை மேட்டிலும் வேலியோரத்திலும் பெரும்பாலும் பெண்கள் கையிலேயே வளர்ந்தது. அடுப்படியும் பழமையைக் காத்தது. இங்குப் பல குடும்பங்களில் திவசச் சமையலுக்கு உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் மிளகாயும் ஆகா. அவரை, வாழைக்காய், புடலங்காய், மிளகு ஆகும். கப்பலேறி வந்தவை எவை என்று அப்பாட்டிமார்களுக்கு எந்த நூலும் சொல்லவில்லை!

அவரைக்காயின் இருபுறமும் நார் உரித்து, பயற்றம்பருப்புடன் வேகவைத்து, தேங்காயும் மிளகும் சீரகமும் அரைத்துவிட்டால் கூட்டு. முற்றிய விதையை மட்டும் ஊறவைத்து, நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். பச்சையாகத் தின்றால் நஞ்சு. சில நெற்றுகளைப் பறிக்காமல் கொடியிலேயே காயவிடுங்கள்; அடுத்த ஆடிக்கு விதை வேண்டுமே.