எச்சரிக்கை என்னும் சொல்

இணையக் கலைக்களஞ்சியத்தில் 'திடீர் வெள்ள எச்சரிக்கை' என்ற பதிவைச் செப்பனிட நாங்கள் சிலர் அமர்ந்தபோது, அங்கே இருந்தது ஒரு வரையறை மட்டுமே: கனமழை பெய்த ஆறு மணி நேரத்துக்குள் பெருகும் வெள்ளம் குறித்து வானிலைத் துறை விடுக்கும் அறிவிப்பு. பிழையில்லை. ஆனால் அந்த அறிவிப்பு எத்தனை சாவுகளுக்குப் பின் உருப்பெற்றது என்பது அதில் இல்லை. ஆகவே அமெரிக்காவின் அனுபவத்தை வரிசைப்படுத்தத் தொடங்கினோம்.

1889 மே 31. பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் நகருக்கு 14 மைல் மேலே இருந்த சவுத் ஃபோர்க் அணை கனமழையில் உடைந்தது. உடையுமுன்பே தந்தியில் செய்தி போயிற்று. ஆனால் 'அணை உடையப்போகிறது' என்று அடிக்கடி கேட்டுச் சலித்திருந்த ஊர் அதைப் பொருட்படுத்தவில்லை. மாண்டவர் 2,209 பேர். செய்தி போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, அது நம்பப்படவும் வேண்டும்.

1976 ஜூலை 31. கொலராடோ மாநிலம் தன் நூற்றாண்டைக் கொண்டாடவிருந்த தினத்துக்கு முந்தைய மாலை. பிக் தாம்சன் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் சில மணி நேரத்தில் சுமார் 12 அங்குல மழை கொட்டிற்று. கீழே மழை அவ்வளவாக இல்லாததால், விடுமுறைக்கு வந்திருந்தவர்களுக்கு ஆபத்து உறைக்கவில்லை. 144 பேர் இறந்தனர். காரிலேறி வெள்ளத்தை முந்திவிட முயன்றவர்கள் பலர். எச்சரிக்கச் சென்ற காவலர் இருவரும் மீளவில்லை. அதன் பின்னரே, வெள்ளம் வந்தால் வண்டியை விட்டு மேட்டில் ஏறுங்கள் என்று சொல்லும் பலகைகள் மலைப்பாதைகளில் நடப்பட்டன.

2007 அக்டோபர் முதல், மாவட்டம் முழுமைக்குமாக விடப்பட்டுவந்த எச்சரிக்கை, ஆபத்துள்ள நிலப்பரப்புக்கு மட்டும் வரையறுக்கப்பட்டது. 2012இல் அது கைப்பேசிக்கும் வந்தது. இனிக் குறையொன்றுமில்லை என்று முடித்துவிடலாம்தான். ஆனால் 2025 ஜூலை 4 அதற்கு இடந்தரவில்லை. டெக்சாஸின் கெர் மாவட்டத்துக்கு அதிகாலை 1.14க்கு எச்சரிக்கையும், 4.03க்கு உச்சநிலை அவசர அறிவிப்பும் விடப்பட்டன. குவாடலூப் ஆற்றங்கரையில் கோடை முகாமுக்கு வந்த சிறுமிகள் உறங்கிக்கொண்டிருந்தனர். அவ்வெள்ளங்களில் அம்மாநிலத்தில் 130 பேருக்கு மேல் உயிரிழந்தனர். ஓர் அறிவிப்பு விடப்படுவதற்கும் உறங்குபவரை அது எழுப்புவதற்கும் இடையே உள்ள தொலைவு இன்னும் கடக்கப்படவில்லை.

இதையெல்லாம் எழுதியபின் எங்களைத் தடுத்து நிறுத்தியது ஒரு சொல். அமெரிக்க வானிலைச் சேவை இரண்டு நிலைகளை வேறுபடுத்துகிறது: வெள்ளம் வரக்கூடிய சூழல் நிலவுகிறது என்பது ஒன்று, வெள்ளம் வந்துவிட்டது, அல்லது இதோ வரப்போகிறது என்பது மற்றொன்று. முன்னதற்கு ஆயத்தமாக இருந்தால் போதும். பின்னதற்கு அக்கணமே மேட்டுக்கு ஓட வேண்டும். பழைய பதிவு இரண்டையும் 'எச்சரிக்கை' என்றே எழுதியிருந்தது. பல நாள் விவாதித்து, முதலாவதை 'முன்கவனிப்பு' என்றும், இரண்டாவதை மட்டும் 'எச்சரிக்கை' என்றும் திருத்தினோம்.

சொற்களைப் பற்றி எத்தனையோ சர்ச்சைகள் செய்திருக்கிறோம். தவறான சொல்லால் ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடக்கூடும் என்ற அச்சத்தோடு ஒரு சொல்லைத் தேடியது அதுவே முதல் முறை.