விடிலியில் வாசித்த வேதம்

எங்கள் ஊர்க் கோயிலில் விடியற்காலை நாலரைக்கு முதல் மணி அடிக்கும். அதற்கு முன்பே தாத்தா பனங்காட்டுக்குள் போயிருப்பார். நாசரேத்துக்குத் தெற்கே, தேரிமண் ஓரத்துச் சிற்றூர் எங்களுடையது. பங்குனியில் பாளை சீவத் தொடங்கினால் ஆடி வரைக்கும் வேலை ஓயாது. நாளுக்கு முப்பது நாற்பது பனை, காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். தாத்தா பதனியை இறக்கி வைத்ததும் ஆச்சியின் பாடு தொடங்கும். சுண்ணாம்பு தடவிய கலயம்தான் என்றாலும், வெயில் ஏறுமுன் அடுப்பில் ஏற்றாவிட்டால் பதனி கெட்டுவிடும். நேரமில்லை என்று சொல்ல யாருக்காவது பாத்தியதை உண்டென்றால் அது இந்த இரண்டு பேருக்குத்தான்.

ஆனாலும் ஆச்சி ஒருநாள்கூட வேதம் கேட்காமல் இருந்ததில்லை. கேட்காமல் என்றுதான் சொல்கிறேன். ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது.

பள்ளிக்கூட விடுமுறையில் வாசிக்கிற வேலை எனக்கு. கருப்பட்டி காய்ச்சும் விடிலிக்குள் உடைமுள் எரியும் புகையில் கண் எரியும். பனையோலைக் கூரையின் இடுக்கு வழியாக விழும் வெளிச்சத்தில் புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொள்வேன். ஆச்சி துடுப்பால் கிண்டிக்கொண்டே, "வாசி மக்கா, நேத்து விட்ட எடத்துலருந்து" என்பாள். பைபிளில் சங்கீதம் 119 அவளுக்கு மிகவும் பிடித்தமானது. 176 வசனம். எட்டு எட்டு வசனமாக இருபத்திரண்டு பிரிவு. ஒவ்வொரு பிரிவின் தலையிலும் ஆலெப், பேத், கிமெல் என்று எபிரெய எழுத்தின் பெயர் இருக்கும். அந்தப் பெயர்கள் ஆச்சிக்கு வரிசையாக மனப்பாடம். நாளுக்கு ஒரு பிரிவு என்று கணக்கு வைத்திருந்தாள். நான் ஒரு சொல்லை விழுங்கிவிட்டுப் போனால் துடுப்பு நின்றுவிடும். "அது அப்படி இல்லலா, திரும்ப வாசி" என்பாள். பாகு கூப்பனிப் பதத்துக்கு வரும்போது மட்டும் என்னை நிறுத்தச் சொல்வாள். அப்போது கண்ணும் காதும் சட்டியிலேயே இருக்க வேண்டும். பாகைச் சிரட்டைகளில் ஊற்றி முடித்த பிறகு, விட்ட வசனத்திலிருந்து மறுபடியும் தொடங்குவோம்.

எழுத்தறியாத ஆச்சிக்கு இவ்வளவு வேதம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பெரியவனான பிறகுதான் தேடிப் பார்த்தேன்.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அச்சு இல்லாத அந்த முதல் ஆண்டுகளில் ஆட்களை வைத்துத் தம் நூல்களைப் பனையோலையில் எழுதுவித்தார். புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை 1711இல் முடித்தார். 1714இல் அதை அச்சுக்குக் கொடுக்கத் தொடங்கினார், 1715இல் முழுவதும் வெளிவந்தது. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரியவை. அவற்றை வைத்து அச்சடித்தால் இருக்கிற காகிதம் போதாது. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் முடித்திருந்த நிலையில் 1719இல் அவர் இறந்தார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே நிறைவு செய்தார். பிறகு சென்னையில் பப்ரிசியஸ் வாழ்நாளெல்லாம் உழைத்து இன்னொரு மொழிபெயர்ப்பைத் தந்தார். ஆச்சி கேட்டது அதற்கும் பிந்தியது, 1871இல் முழுமை பெற்ற பவர் ஐயரின் திருப்புதல்.

புத்தகம் வந்துவிட்டது என்பதற்காக எல்லார் வீட்டுக்கும் வந்துவிடவில்லை. வந்திருந்தாலும் வாசிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. மிஷனரி ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகச் சபைகள் உண்டாயின. சபைக்கு ஒரு உபதேசியார். ஓலைக்கூரை போட்ட ஜெபவீட்டில் அவர் காலையும் மாலையும் மணி அடிப்பார். வந்தவர்களுக்கு ஒரு பகுதியை வாசித்துக்காட்டி, வசனத்தைத் திரும்பச் சொல்ல வைப்பார். வேலையும் மணியும் ஒன்றோடொன்று பின்னியிருந்தன. வேதத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்று தனியொருவர் கவலைப்படும்படி விடவில்லை அந்த ஏற்பாடு. நேரத்தை ஊரே ஒதுக்கிக் கொடுத்தது. அந்த உபதேசியார்கள் பலரின் பெயர்கூட யாருக்கும் நினைவில்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

அன்றாடம் வேதம் கேட்கும் பழக்கம் வேறு நாடுகளிலும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கியிருக்கிறது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் 1728இல் சின்சென்டார்ப் பிரபு அன்றன்றைக்கு ஒரு வாக்கியத்தைக் கொடுத்தார். காலையில் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொன்னார்கள். அந்த வாக்கியங்கள் 1731 முதல் ஆண்டுதோறும் புத்தகமாக வருகின்றன. சின்சென்டார்ப் ஹாலேயில் படித்த சிறுவயதில் தரங்கம்பாடிச் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். அவருடைய சபைச் சகோதரர்கள் 1760இல் தரங்கம்பாடிக்கே வந்து குடியேறினார்கள்.

அட்டவணை போட்டுத் தனியே வாசிக்கும் பழக்கம் பரவியது பின்னால்தான். ஸ்காட்லாந்தில் நெசவாலைகள் நிறைந்த டண்டீ நகரத்துச் சபைக்கு 1842இல் ராபர்ட் மக்செய்ன் போட்டுக் கொடுத்த அட்டவணை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நாளுக்கு நான்கு அதிகாரம் வாசித்தால் ஆண்டுக்குள் பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறையும் முடியும். இது வெறும் சடங்காகிவிடலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடலாம் என்று அட்டவணையோடு சேர்த்தே எச்சரித்தார் அவர். அடுத்த ஆண்டே, 29 வயதில், காய்ச்சலில் இறந்தார். அந்த எச்சரிக்கைக்காகவே அவர்மீது எனக்குத் தனி மரியாதை.

ஏனென்றால் அந்த நுகத்தை நானும் சுமந்தேன். வங்கி வேலைக்காக நாசரேத்திலிருந்து பாளையங்கோட்டைக்குத் தினமும் ரயிலில் போய்வந்தேன். ஜனவரியில் நான்கு அதிகாரம் என்று தொடங்குவேன், லேவியராகமத்தில் நின்றுவிடுவேன். நாள் கூடக் கூட விட்ட அதிகாரங்கள் கடன் பாக்கிபோல ஏறும். பிறகு வெட்கத்தில் புத்தகத்தையே தொடமாட்டேன். மூன்று ஆண்டு அப்படிப் போனது.

ஒருநாள் பெட்டியில் எதிரே இருந்த பெரியவர் ஒருவர் என் பையில் இருந்த பைபிளைப் பார்த்தார். "தம்பி, கொஞ்சம் சத்தமா வாசிங்க, எனக்குக் கண்ணு தெரியல" என்றார். ஆழ்வார்திருநகரி தாண்டியதும் தொடங்கினேன். ஸ்ரீவைகுண்டம் வருமுன் ஒரு அதிகாரம் முடிந்தது. மறுநாளும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் வராமல் போன பிறகும், ஒன்பது ஆண்டு, ஆழ்வார்திருநகரியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் ஒரு அதிகாரம் தவறியதில்லை. உதடு அசையத்தான் வாசிப்பேன்.

ஓய்வுபெற்று இப்போது ஊரோடு இருக்கிறேன். பனை ஏற ஆளில்லை, விடிலி இருந்த இடத்தில் உடைமரம் முளைத்துவிட்டது. மகள் சென்னையில் நர்ஸ். பணி முடிந்து வீட்டுக்கு வந்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, "வாசிங்கப்பா" என்பாள். மறுபக்கம் காய் நறுக்கும் சத்தமும் குழாய்த் தண்ணீர்ச் சத்தமும் கேட்கும். போன வாரம் நெகேமியா எட்டாம் அதிகாரம். தண்ணீர்வாசலுக்கு முன்னான வீதியில் எஸ்றா விடியற்காலம் தொடங்கி மத்தியானம்வரைக்கும் வாசிக்க, ஜனங்கள் நின்று கேட்ட இடம். நான் அவசரத்தில் ஒரு பெயரை விட்டுவிட்டேன். நறுக்குகிற சத்தம் நின்றது.

"ப்பா, ஒண்ணு விட்டுட்டீங்க."

திரும்பவும் நாலாம் வசனத்திலிருந்து வாசித்தேன். இன்றைக்கு அவளுக்கு இரவுப்பணி. சாயங்காலம் ஐந்தரைக்கே அழைப்பாள். பத்தாம் அதிகாரம் வாசிக்க வேண்டும். தொடக்கம் முழுவதும் பெயர்கள்தான். மத்தியானமே ஒருமுறை வாசித்துப் பார்த்துவைத்திருக்கிறேன்.