கணக்குக் காட்டாதவனின் மாமனாரும் நிற்க முடியாது

அமெரிக்காவில் பல மாநிலங்களில் கவுண்டி ஷெரிஃப், பொருளாளர் போன்றவர்கள் தேர்தலில் ஜெயித்தால் மட்டும் போதாது. பதவி ஏற்கும் முன் ஜாமீன் பத்திரம் தாக்கல் செய்யணும். ஆள் பொதுப்பணத்தைக் கையாடினால் ஜாமீன் நின்ற கம்பெனி பணம் கட்டும், பிறகு அதை அவரிடமே வசூல் பண்ணும். பார்க்க இன்சூரன்ஸ் மாதிரி இருக்கும், ஆனால் இது ஜாமீன்தான். கம்பெனிகள் வருவதற்கு முன்னால் ஊரில் சொத்துள்ளவர்கள் ஜாமீன் நின்றார்கள்.

நம்ம ஊரில்தான் டெபாசிட் இருக்கே என்று கேட்கலாம். அது வேறு. 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவருக்கு நிற்க 600 ரூபாய் கட்டினார்கள். அது யாரும் விளையாட்டுக்கு நிற்காமல் இருக்க. ஜெயித்தவருக்குத் திரும்பிப் போய்விடும். பணம் கையாளும் அரசு ஊழியரிடம் செக்யூரிட்டி வாங்க விதி இருக்கு. தலைவரிடம் கேட்பதில்லை, காசோலையில் அவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போடணும், பின்னால் தணிக்கை வரும், அவ்வளவுதான்.

பதவிக்கு முன்னாலேயே பிணை கேட்ட வழக்கத்துக்கு நம்மிடம் உள்ள நல்ல சான்று உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்து 921-ம் ஆண்டுக் கல்வெட்டு. எல்லாரும் குடவோலையைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு அதைவிட ருசியானது யார் பெயரை ஓலையில் எழுதக்கூடாது என்ற பட்டியல். முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் எழுதக்கூடாது. அவனோடு நிற்கவில்லை. அவன் சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள், தாய்மாமன், அப்பாவின் உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், அக்கா தங்கை பிள்ளைகள், அப்பா, மகன் என்று நீளுது. ஒருத்தன் ஏரி வாரியப் பணத்தில் கை வைத்தால் மாமனார் வீட்டிலும் சண்டை வரும். பணம் கட்டாமலே குடும்பம் முழுக்க ஜாமீன்!

கணக்கனுக்குத் தனி விதி. தான் எழுதிய கணக்கைப் பெரியவர்களிடம் ஒப்படைத்து, சுத்தம் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மறுபடியும் அந்த வேலை. அவன் கணக்கை முடிக்க வேறு கணக்கனைப் போடக்கூடாது. எங்க தொழிலில் ஒருத்தர் எழுதிய கோடை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுக் கிளம்புவது சகஜம். அதை இவங்க 1,100 வருஷத்துக்கு முன்னாலேயே தடுத்திருக்காங்க.

ஆனால் இன்னொரு பிணையும் இருக்கு: வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு. ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர். வேதப் படிப்பும் வேணும், ஏனென்றால் இது பிராமணர் சபை.

இந்த அளவுகோலோடு பழவேற்காடு ஏரிக்கரை கோட்டைக்குப்பத்துக்கு வாங்க. அங்கே ஒருவரின் சொத்து படகும் வலையும். கால் வேலிக்கு எங்கே போவார்? ஏரியில் யார் எப்போது எங்கே வலை போடுவது என்பதை அங்கே பாடு முறை தீர்மானிக்குது. அதில் இடம் தலைக்கட்டுக்கு, நிலத்துக்கு இல்லை. அதுவும் எல்லாருக்கும் திறந்த கதவு இல்லைதான். பட்டினவர் சமூகத்து ஆண்களின் உரிமை அது.

அதனால் நிலத்தைவிடக் கம்பெனி ஜாமீன் மேல் என்று எனக்குத் தோணுது. பிரீமியத்தைப் பல கவுண்டிகளில் பொதுநிதியிலிருந்தே கட்டுகிறார்கள். படகு மட்டும் உள்ளவரும், எதுவும் தன் பெயரில் இல்லாத பெண் தலைவரும் அப்படியானால் பதவி ஏற்கலாம். கையாடினால் கம்பெனி அவர் வாசலுக்கு வரும். மாமனாரை யாரும் தொடமாட்டாங்க.