மண்ணுக்குள் இறங்கிய வெப்பமானி: திருவனந்தபுரம், 1842–1845

கிழக்கேகோட்டையின் வரலாறு பேசப்படும்போது பத்மநாபசுவாமி கோயில், குதிரைமாளிகை, சுவாதித் திருநாளின் இசை என்ற வட்டத்துக்குள்ளேயே பேச்சு நின்றுவிடுகிறது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவை ஆதரித்த அதே அரசர்தான், கோட்டைக்கு வடக்கேயுள்ள ஒரு குன்றின்மீது 1837இல் வானாய்வகத்தை எழுப்பினார். ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்த ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநரானார். அங்கு அவர் மேற்கொண்ட பணிகளுள் அதிகம் அறியப்படாதது நிலத்தடி வெப்பநிலை அளவீடு.

காற்றின் வெப்பநிலையை அளப்பது எளிது. மண்ணின் ஆழத்தில் அளப்பது எளிதன்று. குழியில் இறக்கிய சாதாரண வெப்பமானியை மேலே இழுத்துப் பார்ப்பதற்குள் அதன் அளவு மாறிவிடும். எடின்பரோவில் ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ் 1837 முதல் பயன்படுத்திய கருவிகள் இதற்கு ஒரு விடையாக அமைந்தன. சாராயம் நிரப்பிய குமிழ் நிலத்தின் ஆழத்தில் நிலையாகப் புதைந்திருக்கும். அதிலிருந்து எழும் நீண்ட மெல்லிய குழாயின் மேல்நுனி, அளவுகோலுடன், தரைக்கு மேல் நிற்கும். ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியது. குழாயிலுள்ள திரவம் வெவ்வேறு வெப்பமுடைய மண்ணடுக்குகளைக் கடந்து வருவதால் அதுவும் விரியும், சுருங்கும். குமிழைப் பெரிதாகவும் குழாயின் துளையை மிக நுண்ணியதாகவும் அமைத்தால் இப்பிழை குறையும். எஞ்சியதைக் கணக்கிட்டுத் திருத்தவேண்டும். ஒருவகையில், இங்கே கருவியும் கணக்கும் சேர்ந்தே ‘வெப்பமானி’ ஆகின்றன.

இம்முறையில் அமைந்த மூன்று வெப்பமானிகள் திருவனந்தபுரத்தில் 3, 6, 12 பிரெஞ்சு அடி ஆழங்களில், அதாவது ஏறத்தாழ 1, 2, 4 மீட்டரில், புதைக்கப்பட்டன. 1842 மே முதல் 1845 டிசம்பர் வரை அளவுகள் பதிவாயின. ஆண்டு முழுவதும் காற்றின் வெப்பம் சில பாகைகளே மாறுகின்ற ஊர் இது. ஆழம் கூடக்கூட அந்தச் சிறு மாற்றமும் தேய்ந்து, காலம் தாழ்த்தியே வந்து சேரும். எனவே கருவியின் சிறுபிழைகூட முடிவைக் குலைத்துவிடக்கூடும்.

இத்தனை உழைப்பு ஏன்? தென்னமெரிக்காவில் பல்லாண்டுகள் ஆய்வு செய்த பிரெஞ்சு வேதியியலாளர் பூசங்கோ, 1830களில் ஒரு குறுக்குவழியை முன்வைத்திருந்தார். வெப்பமண்டலத்தில் நிழலான இடத்தில் ஓரடி ஆழத்திலேயே வெப்பநிலை ஆண்டு முழுவதும் மாறாது. அதை ஒருமுறை அளந்தால் அவ்விடத்தின் சராசரி வெப்பநிலை கிடைத்துவிடும் என்பதே அது. பல்லாண்டுப் பதிவுகளுக்குப் பதிலாக ஒரு பயணி, ஒரு குழி, ஒரு வெப்பமானி போதும் என்ற கருத்து பயணிகளைக் கவர்ந்ததில் வியப்பில்லை. அதற்கு அடியில் ஓர் எடுகோள் இருந்தது: வெப்பமண்டலம் பருவமற்ற, ஒரே சீரான நிலம்.

திருவனந்தபுரத்தின் மண் அதற்கு இசையவில்லை. ஓரடி அல்ல, அதைவிடப் பன்மடங்கு ஆழத்திலும் பருவங்களின் சுவடு பதிவாயிற்று. மண்ணின் சராசரி வெப்பமோ காற்றின் சராசரியைவிட உயர்ந்திருந்தது. ஆகவே இங்கே நிலத்தின் வெப்பத்தைக் காற்றின் வெப்பத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்ள இயலாது. கோடை வெயிலும் இரு பருவமழைகளும் ஆளும் ஊரின் மண்ணை, வேறொரு கண்டத்தில் பெற்ற விதியால் அளந்துவிட முடியவில்லை.

இம்முடிவுகள் 1849இல் எடின்பரோ அரச கழகத்தின் வெளியீட்டில் அச்சேறின. அவ்வாண்டின் இறுதியில் கால்டிகாட் மறைந்தார். சுவாதித் திருநாள் 1846இலேயே மறைந்துவிட்டார். எடின்பரோவின் நிலத்தடி அளவுகளோ வேறொரு பெரிய விவாதத்துள் நுழைந்தன. பாறைகளின் வெப்பக் கடத்தலை அவற்றிலிருந்து கணித்த வில்லியம் தாம்சன், 1862இல் பூமியின் வயதை மதிப்பிட அதைப் பயன்படுத்தினார். அறிவியல் வரலாற்று நூல்கள் எடின்பரோவை நினைவில் வைத்திருப்பதற்கு அதுவே காரணம்.

திருவனந்தபுரத்தின் பங்களிப்பு வேறுவகையானது. அது புதிய விதி எதையும் தரவில்லை. ஒரு விதி எங்கே செல்லாது என்பதைக் காட்டியது. காலனிய அறிவியலில் இந்தியா தரவுகளைத் தந்தது, ஐரோப்பா கோட்பாட்டைப் படைத்தது என்று எளிதாகப் பிரித்துவிடுகிறோம். ஒரு சுதேச அரசின் கருவூலம் தாங்கிய ஆய்வகத்தில், மூன்றரை ஆண்டுகள் பொறுமையாக எடுத்த அளவுகள் ஒரு கோட்பாட்டையே மறுத்த இந்நிகழ்வு அப்பிரிவினைக்குள் அடங்கவில்லை.

கோட்டையின் இசைக்கு வாரிசுகள் உண்டு. ஆண்டுதோறும் நவராத்திரி மண்டபத்தில் அது ஒலிக்கிறது. குன்றின்மீது எழுதப்பட்ட எண்களுக்கும் வாசகர்கள் வேண்டும்.